கார் வராத சாலை தேடி: பிரான்சின் கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சில் ஏறக்குறைய 10 லட்சம் கி.மீ.க்கும் மேல் சாலை இருக்கிறது. அதில் நெடுஞ்சாலைகளும் தேசியச் சாலைகளும் சேர்ந்து 2 சதவீதம் அளவுக்குத்தான் வரும். மீதியெல்லாம் மாவட்டச் சாலைகளும், கொம்யூன் என்ற ஊராட்சிகள் பராமரிக்கும் ஊர்ச் சாலைகளும். சுமார் 35 ஆயிரம் கொம்யூன்கள், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள குடியிருப்புக்கும் பண்ணைக்கும் ஒரு சாலை போட்டு வைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சாலைகள் அங்கேயே இருக்கின்றன, அதுவும் தார் போட்டு. மெல்லிய டயரில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஐரோப்பாவில் அதிக இடங்களில் கிடையாது.

ஆனால் "கிராமம்" என்றாலே அமைதி என்று நம்பிப் போனால், லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டிவரும். ஒரு சாலையில் கார் வருமா வராதா என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: அதே இரண்டு ஊர்களுக்கு இடையில் அதைவிட வேகமான இன்னொரு சாலை இருக்கிறதா? இருந்தால், பழைய சாலை உங்களுடையது. இல்லையென்றால், எவ்வளவு உள்ளே தள்ளியிருந்தாலும் எல்லா வண்டியும் அதில்தான் வரும். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

பகுதியைத் தேர்வது

வடகிழக்கில் மியூஸ் மாவட்டத்திலிருந்து தென்மேற்கில் லாந்த் வரை குறுக்காக ஒரு பட்டை போட்டால், மக்கள் குறைந்த பிரான்ஸ் அதற்குள் வந்துவிடும். லோசேர் மாவட்டத்தில் சதுர கி.மீ.க்கு சுமார் 15 பேர், க்ரூஸில் சுமார் 20 பேர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆள் குறைவு மட்டும் போதாது. சாலை நெருக்கமாகவும் இருக்க வேண்டும். லோசேரிலும் ஆல்ப்ஸிலும் மலை காரணமாக ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே சாலைதான். உள்ளூர்க்காரர், சுற்றுலாப் பேருந்து, மோட்டார் சைக்கிள் கூட்டம், நீங்கள் என எல்லாரும் அதே ஒன்றில். மாறாக க்ரூஸ், ஆலியே, மாயென், ஜேர் போன்ற மாவட்டங்களில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன; ஓர் ஊருக்குப் போக நான்கு வழி இருக்கும், அதில் மூன்றில் தபால்காரர் மட்டுமே வருவார். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை மலை அல்ல, வேலிப் புதர்களும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த இந்த மேடுபள்ள நாடு. மலையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டியவை: பாரிஸைச் சுற்றிய பகுதி, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஜூலை–ஆகஸ்டில் எந்தக் கடற்கரையும். பெரிய நகரம் எதுவானாலும் முதல் 15 கி.மீ.யை ரயிலில் கடந்துவிடுங்கள். அதை ஓட்டிக் கடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

வரைபடத்தைப் படிப்பது

செயலியைத் திறக்கும் முன் காகித வரைபடம் ஒன்றை வாங்குங்கள். மிஷ்லின் வரைபடங்களில் 1 செ.மீ.க்கு 2 கி.மீ. காட்டும் பிராந்திய வரிசையும், 1 செ.மீ.க்கு 1.5 கி.மீ. காட்டும் உள்ளூர் வரிசையும் உண்டு. சைக்கிளுக்கு இரண்டாவது மேல். அதில் சிவப்புக் கோடு முக்கியச் சாலை, மஞ்சள் அடுத்த நிலை, வெள்ளை மற்றவை. நமக்கு வேண்டியது வெள்ளை.

வேலை இப்படிப் போகும். முதலில் 10 ஆயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களை வட்டமிடுங்கள். அவற்றை இணைக்கும் சிவப்புக் கோடுகளைப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள்; கார்கள் போக விரும்பும் பாதை அது. இப்போது அந்தக் கோடுகளுக்கு இடையில் கிடக்கும் கட்டங்களைப் பாருங்கள். உங்கள் பயணம் அந்தக் கட்டங்களுக்குள் நடக்க வேண்டும்; சிவப்பை நேராக வெட்டிக் கடக்கலாம், அதன்மேல் போகக் கூடாது. சில மஞ்சள் சாலைகளும் காலியாக இருக்கும், குறிப்பாக சிவப்புக்கு இணையாக 5 கி.மீ. தள்ளி ஓடுபவை.

சாலை எண்ணும் பேசும். ஏ என்பது நெடுஞ்சாலை, அதில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. என் என்பது தேசியச் சாலை; பல இடங்களில் இருவழி விரைவுச் சாலையாகிவிட்டது, அங்கும் தடைதான். டி என்பது மாவட்டச் சாலை. டி-க்குப் பின் இலக்கம் கூடக்கூட சாலை சிறிதாகும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 900களில் தொடங்கும் எண்களிடம் எச்சரிக்கை: அவற்றில் பல பழைய தேசியச் சாலைகள், 1970களிலும் 2006 வாக்கிலும் மாவட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டவை. அகலமும் நேரான ஓட்டமும் வேகமும் அப்படியே இருக்கும். பக்கத்தில் புதிய நெடுஞ்சாலை வந்திருந்தால் மட்டும் அவை ஓட்டத் தகுந்தவை. மாவட்ட எல்லையைத் தாண்டினால் அதே சாலைக்கு எண் மாறிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை நம்பாமல் அடுத்த ஊரின் பெயரை நம்பி ஓட்டுவது நல்லது.

மிஷ்லின் வரைபடத்தில் சில சாலைகளுக்குப் பச்சை விளிம்பு இருக்கும்: காட்சி அழகான சாலை. இது ஒரு பொறி. அழகான சாலை என்று அச்சிட்டால் அதைப் படித்துவிட்டு வீட்டுவண்டிகளும் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள்களும் வரும். வெள்ளைச் சாலையில் பச்சை விளிம்பு என்றால் தயங்காமல் எடுங்கள். மஞ்சளில் என்றால் மே, ஜூன், செப்டம்பர் வார நாட்களில் மட்டும். தார்ன் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் சாலை ஆகஸ்டில் வண்டிகளால் நிரம்பியிருக்கும். அதே நேரத்தில் மேலே மெஜான் பீடபூமியில் ஆடுகளைத் தவிர யாரும் இருப்பதில்லை. பள்ளத்தாக்கு கார்களுக்கு, மேடு நமக்கு. விலை ஒரு ஏற்றம்.

ஏற்றத்தை வரைபடத்தின் அம்புக்குறிகள் சொல்லும். ஓர் அம்பு 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பின் முனை ஏறும் திசையைக் காட்டும். சிறிய சாலைகளைப் போட்டவர்கள் மலையைக் குடையவில்லை, நிரவவில்லை. ஆற்றுக்கு நேராக இறங்கி, மறுபக்கம் நேராக ஏறும். அதனால் வெள்ளைச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 2–3 கி.மீ. குறையும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பையுடன் ஓட்டுபவருக்கு நாளுக்கு 60 முதல் 80 கி.மீ. போதும்.

அடுத்து பாலங்கள். லுவார், லோ போன்ற ஆறுகளில் பாலம் அரிது. சுற்றுவட்டார வண்டிகளெல்லாம் அந்த ஒரு பாலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். பாலத்துக்கு இருபுறமும் 2 கி.மீ. நெரிசலைத் தவிர்க்க முடியாது என்றால், பகல் 12:30 முதல் 13:30க்குள் கடக்கும்படி நாளை அமையுங்கள். பிரான்ஸ் முழுக்கச் சாப்பிடும் நேரம் அது.

செயலியில் சரிபார்ப்பது

காகிதத்தில் வழி போட்டபின் திரையில் சரிபாருங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். பிரவுட்டர் என்ற இலவசக் கருவியில் போக்குவரத்து குறைந்த வழிகளைத் தேடும் சாலை சைக்கிள் அமைப்பு உண்டு. முதல் வரைவுக்கு அது நன்று. ஆனால் எந்தச் செயலியும் வண்டித்தடத்தையும் தார்ச்சாலையையும் சில சமயம் குழப்பிக்கொள்ளும். ஒரு பண்ணையின் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும்; அங்கே சாலை முடிந்து உழவு வயல் தொடங்கும்.

சந்தேகமான ஒவ்வொரு துண்டையும் பிரெஞ்சு அரசின் வரைபடத் தளத்தில் (முன்பு ஜியோபோர்ட்டாய், இப்போது cartes.gouv.fr) வான்படத்தோடு ஒப்பிடுங்கள். தெருப்படம் கிடைத்தால் இரண்டைக் கவனியுங்கள்: நடுக்கோடு இருக்கிறதா, நடுவில் புல் முளைத்திருக்கிறதா. நடுக்கோடு இல்லாத சாலை பெரும்பாலும் இரண்டு கார் தாராளமாகப் போக முடியாத அகலம். நாம் தேடுவது அதுதான். நடுவில் புல் வரி இருந்தால் இன்னும் அமைதி, ஆனால் மழை பெய்தால் வழுக்கும். சைக்கிளோட்டிகளின் வெப்பப்படங்களை, அதாவது அதிகம் பேர் ஓட்டிய சாலையைப் பிரகாசமாகக் காட்டும் வரைபடங்களைப் பார்த்து வழி போடுவது இங்கே உதவாது. அதில் பிரகாசமாகத் தெரிவது நகரத்துக்காரர்களின் வார இறுதிச் சுற்று.

முழு வழியையும் கருவியில் இறக்கிக்கொள்ளுங்கள். பல பள்ளத்தாக்குகளில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது.

சைக்கிளுக்கான தனிப் பாதைகளும் உண்டு: பழைய ரயில் பாதைகளில் மோட்டார் வண்டியே வராத பசுமை வழிகள். முதலாவது 1997இல் பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையில் திறக்கப்பட்ட 44 கி.மீ. பாதை. குழந்தைகளோடு போக அருமை. தினமும் அதிலேயே ஓட்டினால் சலிக்கும், ஞாயிறு மாலை நாய்களும் தள்ளுவண்டிகளும் நிறையும். நாளின் ஒரு துண்டாக, குறிப்பாக நகரத்துக்குள் நுழையவும் வெளியேறவும் பயன்படுத்துங்கள்.

நாளும் நேரமும்

ஓட்ட நல்ல காலம் மே நடுவிலிருந்து ஜூன் முடிய, பிறகு செப்டம்பர். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வார சனிக்கிழமைகளில் நாடே இடம் மாறுகிறது. அன்று ரயிலும் வேண்டாம், பெரிய சாலையைக் கடப்பதும் வேண்டாம். அக்டோபருக்குப் பின் வயல் மண் சாலைக்கு வரும், ஞாயிறுகளில் காட்டோரம் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள்.

வார நாளில் காலை 7:30–9, மாலை 5–6:30 வேலைக்குப் போய்வரும் நேரம். சிறிய சாலையானாலும் தாமதமாகிவிட்ட உள்ளூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் நேரம் அதுவே.

சைக்கிள்

டயர் 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் மிக நல்லது. 75–80 கிலோ எடையுள்ளவர் 32 மி.மீ. டயரில் முன்னால் 4 பார், பின்னால் 4.5 பார் காற்று வைக்கலாம். கரடான சாலையில் கூடுதல் காற்று வேகம் தராது, மணிக்கட்டு வலிதான் தரும். பல்சக்கரத்தில் முன்னால் 34க்குப் பின்னால் குறைந்தது 34 பல். பையோடு போனால் முன்னால் 30.

கிராமத்தில் சைக்கிள் கடை 40 கி.மீ. தள்ளி இருக்கலாம், திங்கள் மூடியும் இருக்கலாம். அதனால் உள்டியூப் 2, ஒட்டுத்துண்டுகள், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு கெட்டியான துண்டு, டயர் நெம்பி 2, பம்ப், சங்கிலிக்கு ஒரு இணைப்புக் கண்ணி, பல வேலைக்கு உதவும் மடக்குக் கருவி ஒன்று. எல்லாரும் மறப்பது கியர் தொங்கவிடும் சிறிய உலோகத் துண்டு, அதாவது ஹேங்கர். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அது வேறு வேறு வடிவம். ரயிலில் சைக்கிள் சாய்ந்து அது வளைந்தால் வேறெங்கும் கிடைக்காது. 20 கிராம் எடைதான், வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பிரேக்கைப் பாருங்கள். அங்கே இடது கைப்பிடி முன்சக்கரத்துக்கு. இந்தியா, இலங்கை, பிரிட்டன் பழக்கத்தில் வலதுகைதான் முன்பிரேக் என்று நினைத்து இறக்கத்தில் இடதை அழுத்தினால் தலைகுப்புற விழலாம். வெறும் முற்றத்தில் பத்து முறை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாலை விதிகளும் பழக்கங்களும்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெரிசலில் இது மறக்காது. மற்றவர்களைப் பார்த்துப் போய்விடுவீர்கள். மறப்பது காலிச் சாலையில்தான், ரொட்டிக் கடையில் நின்றுவிட்டுத் திரும்ப ஏறும் முதல் நூறு மீட்டரில். நினைவூட்ட எதிரே கார் இல்லை. கைப்பிடியில் வலப்பக்கம் ஒரு வண்ண நாடா கட்டுங்கள்.

வலதிலிருந்து வருபவருக்கு வழிவிடும் விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. கிராமத்தினுள் எந்தப் பலகையும் இல்லாத சிறிய சந்திலிருந்து வலப்பக்கம் வரும் டிராக்டருக்கு முன்னுரிமை. மஞ்சள் வைரப் பலகை கண்டால் உங்களுக்கு முன்னுரிமை. அதன்மேல் கறுப்புக் கோடு இருந்தால் அது முடிந்துவிட்டது.

ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் 1 மீட்டர். பெரும்பாலான ஓட்டுநர்கள் அதற்கும் மேலே விடுகிறார்கள். இருவர் பக்கத்தில் பக்கம் ஓட்டலாம். பின்னால் வண்டி முந்த வந்தாலும் இருட்டினாலும் ஒருவர் பின் ஒருவராக வந்துவிட வேண்டும். காதில் ஒலிக்கருவி மாட்டுவது 2015 முதல் தடை, அபராதம் 135 யூரோ. இரவிலும் பார்வை குறைந்த வானிலையிலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசமும் கட்டாயம்.

சாப்பாடும் தண்ணீரும்

அமைதியான சாலை என்றால் கடையில்லாத சாலை. திட்டத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரொட்டிக் கடை காலை 7 வாக்கில் திறந்து பகல் 12:30க்கு மூடும், மாலை மறுபடி திறக்கும். ஞாயிறு பகலுக்குப் பின் எதுவும் திறக்காது, திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை. எனவே சனிக்கிழமை மாலையே திங்கள் இரவு வரைக்குமான யோசனை இருக்க வேண்டும்: பழம், சீஸ், ரொட்டி, கொட்டைகள்.

உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 முதல் 13:30 வரை. இரண்டு மணிக்குப் போய் நின்றால் காபி தருவார்கள், சாப்பாடு தரமாட்டார்கள். சைவர்கள் முன்கூட்டியே ஆம்லெட் அல்லது சீஸ் சாலட் கேட்கலாம். சாலட் என்று எழுதியிருந்தாலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வருவது சாதாரணம். இரவு தங்கும் விருந்தினர் இல்லங்களில் சாப்பாடு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீருக்குப் பிரெஞ்சு சைக்கிளோட்டிகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். இரண்டு 750 மி.லி. புட்டிகள் போதும், கோடையில் ஒவ்வொரு 20 கி.மீ.க்கும் ஒரு கல்லறையை வரைபடத்தில் குறித்துவிடுங்கள், சிலுவைக் குறியால் எளிதில் தெரியும்.

என்ன கெடும், ஏன்

கோடையில் மாவட்டங்கள் சாலைக்குப் புதுத் தோல் போடுகின்றன: சூடான தாரைத் தெளித்து மேலே சரளைக் கல் கொட்டி, கார்கள் போய் அழுத்தட்டும் என்று விட்டுவிடுவார்கள். "கிராவியோன்" என்ற தற்காலிகப் பலகை இதற்குத்தான். கார் சக்கரம் போன தடத்தில் கல் விலகியிருக்கும், அதில் ஓட்டுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள். வெயிலில் உருகிய தார் டயரில் ஒட்டிக் கல்லைப் பிடித்து வைக்கும். பகுதி முடிந்ததும் நின்று கையால் தட்டிவிடாவிட்டால் அடுத்த 10 கி.மீ.க்குள் பஞ்சர்.

"ரூத் பாரே" என்றால் சாலை அடைப்பு. மாற்றுவழிப் பலகை உங்களை நேராகச் சிவப்புச் சாலைக்கு அனுப்பும். தார் வேலை என்றால் பணியாளர்களைக் கேட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம், பெரும்பாலும் விடுவார்கள். பாலம் உடைந்திருந்தால் வழியில்லை. அதனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு மாற்றுப் பாலத்தை முந்தின இரவே பார்த்து வையுங்கள்.

லிமூசான், மோர்வான் காடுகளில் மரலாரிகள் வரும். வேறு வண்டியே இல்லாத சாலையில் வளைவு திரும்பினால் முழுச் சுமையோடு எதிரே நிற்கும். வார நாட்களில் வெட்டு நடக்கும் காட்டோரத்தில் மரக்குவியலும் புதுச் சேறும் கண்டால், வளைவுகளில் ஓரத்தை விட்டு விலகாதீர்கள்.

பண்ணை நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, நடந்து போங்கள். எல்லை தாண்டியதும் அதுவே நின்றுவிடும்.

விபத்தென்றால் 112. கொம்யூனின் பெயரையும், பலகையில் உள்ள குடியிருப்பின் பெயரையும் சொல்ல வேண்டும். சாலையோரக் கல்லில் டி எண்ணும் கி.மீ.யும் இருக்கும், கடந்துபோகும்போது பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

முதல் நாளுக்கு ஒரு வழி

க்ரூஸ் மாவட்டத்தின் லா சூத்தெரென், பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் போகும் பாதையில் இருக்கிறது, சுமார் 3 மணி நேரப் பயணம். இந்த ஆந்தெர்சிதே என்ற நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம். இடங்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருக்கும், கோடை வார இறுதிக்குப் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். சைக்கிள் இடத்தை முதலில் பிடித்துவிட்டுத்தான் தங்குமிடம்.

இந்த ஊரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மேற்கே ஏ 20 நெடுஞ்சாலை வடக்கு–தெற்கு வண்டிகளை விழுங்கிக்கொள்கிறது, தெற்கே என் 145 கிழக்கு–மேற்கு லாரிகளை. நடுவில் மிச்சப்படுவது வெள்ளைச் சாலைகள். வடக்கே சான் ஜெர்மான் போப்ரே, லா ஷப்பெல் பாலூ வழியாக க்ரோசான் வரை சுமார் 25 கி.மீ.; மேடுபள்ளம்தான், கடினமில்லை. க்ரோசானில் க்ரூஸ் ஆறும் செதெல் ஆறும் கூடும் பாறை முனையில் பழைய கோட்டையின் இடிபாடு நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே ஃப்ரெசலீன் வரை சுமார் 10 கி.மீ.; நாளின் கடினமான துண்டு இது, ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். 1889இல் ஓவியர் க்ளோத் மோனே இங்கே தங்கி, பெரிய க்ரூஸ், சிறிய க்ரூஸ் என்ற இரு ஆறுகளின் சங்கமத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். குளிரும் வெயிலும் மாறி மாறிக் குழப்பியதாக அவருக்குப் புகார். வசந்தத்தில் போகிறவர்கள் மழையங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தெற்கே டுன் ல பலெஸ்தெல், சுமார் 10 கி.மீ. கடைகள் உள்ள ஊர் இது. மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ள காலை 8 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். திரும்புவதற்கு நேர்ச்சாலையை விட்டுவிட்டு நையா, நோத் ஊர்கள் வழியாக வாருங்கள். மொத்தம் சுமார் 70 கி.மீ. நோத்துக்குப் பின் ஊரை நெருங்கும்போது மாலை 5 மணிக் கார்கள் தொடங்கியிருக்கும். முன்விளக்கையும் பின்விளக்கையும் வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.